பத்து விரல் கைநாட்டு

எஞ்சினியர் யோகேஸ்வரன் குற்றவாளி அல்லர் என்று சிட்னி நீதவான் சொல்லிவிட்டார். ஆனாலும் மனிதருக்கு நித்திரை வரவில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு, பென்டில் ஹில்லில், புதுக் காருக்குக் கண்ணூறு கழிக்கச் சொன்னாள் மனைவி சத்தியபாமா. இவரும் விடியற்காலையில் நாற்சந்தியில் பூசணிக்காயைக் குங்குமத்தோடு போட்டு உடைத்தார். செக்கச்செவேல் என்று கிடந்த சந்தியையும் சிவந்த கையோடு நின்ற இவரையும் பார்த்த ரோந்துப் பொலிசுக்கு வேறென்ன தோன்றும்? அள்ளிக்கொண்டு போனார்கள். பூசணிக்காய்தான் என்று தெரிந்த பிறகும் பொது இடத்தில் ஒழுங்கீனம் என்று வழக்கு. மனைவியிடம் அவர் மூச்சு விடவில்லை.

கைதானதுகூடப் பெரிதில்லை. ஸ்டேஷனில் மை தடவிப் பத்து விரலையும் பதித்து எடுத்துவிட்டார்கள். பாமாவின் தகப்பனார் சுருட்டுக்கடை முதலாளி, கையெழுத்து வராது. கலியாணம் செய்த நாள் முதல் அவரைக் 'கைநாட்டு' என்று நக்கலடித்தவர் நம் எஞ்சினியர். இது பாமாவுக்குத் தெரிந்தால் அந்த வீட்டில் இனி வாய் திறக்க முடியுமா?

விடுதலையானவர் கேட்டால் ரேகைகளை அழித்துப் பதிவை மூடிவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். பல்லுக்கொதி, டாக்டரிடம் காட்டவேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நழுவினார் யோகேஸ்வரன்.

சார்ஜன்ட் எழுந்து நின்று கைகொடுத்தார். போன வாரமே எல்லாம் எரித்தாயிற்றாம். மிசிஸ் யோகேஸ்வரன் சேலை கட்டிக்கொண்டு வந்து, பூசணிக்காய் உடைப்பது எதற்கென்று விளக்கினாராம். அதற்குமேல் மறுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லையாம். மேசையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. பொலிஸ் காரின் சில்லுக்கு அடியில் வைத்து நசுக்கவாம்.

யோகேஸ்வரன் பிரமித்துப் போனார். பால்காரனோடு பேசக்கூடத் தன்னை அனுப்புகிறவள், ஒரு பொலிஸ் ஸ்டேஷனையே மடக்கியிருக்கிறாள். இப்படி ஒருத்தி கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ என்று வழியெல்லாம் உருகினார்.

பாமா குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"கை முழுக்க மையோடை வந்து, பேனை ஒழுகினது எண்டு சொன்னீங்கள். பத்து விரலிலையும் ஒழுகிற பேனை எங்கையப்பா விக்கிது? மிச்சத்தை வக்கீல் போனிலை சொன்னவர்."

"கோவமில்லையே?"

"ஏன் கோவம்? எல்லாம் எரிச்சாச்சு. இந்த நாட்டிலை இனி ஒருத்தரும் பாக்கேலாது."

யோகேஸ்வரனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. நீர் தெய்வமப்பா என்றார், மனதாரத்தான்.

பாமா புட்டைத் தட்டில் தள்ளினாள்.

"எரிக்க முந்தி அந்தக் கைரேகைக்கு ஒரு கொப்பி கேட்டனான், தந்தவை. ஐயாவுக்கு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப்போட்டன். தனக்கு ஒரு விரல்தான், மருமோனுக்குப் பத்து எண்டு மனுசன் சந்தோசப்படும்."