பதினெட்டுத் தகரமும் வியாழன் கிரகமும்

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஜனவரி மாதம், இலங்கையில் தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கும் தெல்கஸ்மலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுப் பாடசாலைக்குப் பதினெட்டுத் தகரம் வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதப்பட்டது. எழுதியவன் நான். பெயர் அந்தனி, தொண்டர் ஆசிரியர். தொண்டர் என்றால் வேலை நிரந்தரம் இல்லை, தொண்டு மட்டும் நிரந்தரம். ஏழு வருடமாக அப்படித்தான் இருந்தேன்.

பாடசாலை என்பது ஒரே மண்டபம். சுற்றிலும் அரைச்சுவர், மேலே தகரம். ஐந்தாம் வகுப்பு உட்காரும் பக்கத்தில் தகரம் பறந்துபோய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள். ஓட்டைக்கு நேர் கீழே நிரோஷா உட்காரும் வாங்குப் பலகை. ஆகஸ்ட் மாதம் புலமைப்பரிசில் பரீட்சை. எங்கள் பிரிவில் இருந்து அதுவரை ஒரு பிள்ளையும் அதில் தேறியதில்லை. நிரோஷா தேறுவாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவளுடைய அம்மாவின் பெயர் சின்னம்மா, தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள், அவளும் நிச்சயமாக ஒன்றைச் சொல்லியிருந்தாள்.

"மே மாச மழைக்கு முன்னாடி கூரையப் போடுங்க சேர். போன வருசம் புள்ள மூணு மாசம் இருமுனா. இந்த வருசமும் நனையணும்னா பள்ளிக்கூடம் வேணாங்க, என்னோட கொழுந்து மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிர்றேன். அங்க நனைஞ்சா பேராவது போடுவாங்க."

பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு. பத்து வயதுப் பிள்ளைக்குப் பேர் போட மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

விண்ணப்பத்தில் முதலில் "கூரை ஓட்டை" என்றுதான் எழுதினேன். பாடசாலை அதிபர் முத்துவீரன் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓட்டைன்னு எழுதாதீங்க அந்தனி. அவங்களக் குத்தம் சொன்ன மாதிரி இருக்கும். மரியாதையா எழுதுங்க."

மரியாதையாக எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. தோட்டத்தில் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, வரவேற்பு மடல் எல்லாம் என் கையால்தான். எழுதினேன்: "தங்கள் மேலான நிர்வாகத்தின் பயனாக, எமது மாணவச் செல்வங்கள் வகுப்பறையில் அமர்ந்தபடியே ஆகாயத்தைத் தடையின்றித் தரிசிக்கும் பெரும்பேறு பெற்றுள்ளனர் என்பதைப் பணிவன்புடன் அறியத்தருகிறோம்." பதினெட்டுத் தகரம் மூன்றாம் பக்கத்தின் அடியில் வந்தது. குத்தலும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கல்வி அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை யாரோ உண்மையிலேயே வாசித்துவிட்டார்கள். இப்படி ஒரு விபத்து நடக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் மாதம் பதில் வந்தது. தங்களுக்குரிய பதினெட்டுத் தகரங்களும் சென்ற வருடமே ஆறு தோட்டக் கல்வி முன்னேற்றச் சபைத் தலைவர் திரு. இருளப்பன் ஊடாக வழங்கப்பட்டு முடிந்துள்ளதாகப் பதிவேடு காட்டுகிறது. கூரையிட்ட பின்னரும் ஆகாயம் தெரியும் பாடசாலை இவ்வட்டாரத்தில் இது ஒன்றே. ஆகையால் தங்கள் பாடசாலைக்குக் கணினித் தொலைநோக்கி ஒன்று அன்பளிப்புச் செய்யப்படும்.

அந்த வருடம் எல்லாவற்றிலும் கணினி இருக்க வேண்டும் என்பது மோஸ்தர். சாதகம் பார்ப்பவர்கூடப் பலகையில் "கணினி" என்று எழுதி மாட்டியிருந்தார். மின்சாரம் இல்லாத பாடசாலைக்குக் கணினி கொடுக்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. கணினி இல்லாத பாடசாலையே இருக்கக்கூடாது என்று இன்னொரு சுற்றறிக்கை. பேட்டரியில் ஓடும் தொலைநோக்கி இரண்டு சுற்றறிக்கைகளையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்தியது.

திறப்பு விழா காலையில் என்று அறிவித்தார்கள். இதற்கென்றே நியமிக்கப்பட்ட கணினி வானியல் ஊக்குவிப்பு உத்தியோகத்தர் கஜேந்திரன் முதல் நாளே வந்திருந்தார். கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர். அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நட்சத்திரம் ராத்திரியிலதானே சேர் தெரியும்?"

"ஆபீஸ் ஜீப் நாலரைக்கு மேல ஓடக்கூடாது. நட்சத்திரம் பகல்லயும் அங்கதான் இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியலைன்னா அது நம்ம குறை."

விழா நாளன்று மேகம் மூடியிருந்தது. சூரியன் வரவில்லை. அழைப்பிதழில் அவர் பெயரும் இல்லை. முக்காலியை நிறுத்தி, குழாயைப் பொருத்தினோம். எட்டு பேட்டரி வேண்டும் என்றது கையேடு. பெட்டியில் பேட்டரி இல்லை. பிள்ளைகளை அனுப்பி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எட்டு வீட்டுச் சுவர்க் கடிகாரங்களில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தோம். பேட்டரி போட்டதும் கையில் பிடிக்கும் பெட்டியில் சிவப்பு எழுத்து வந்தது. கருவி கேட்ட முதல் கேள்வி, இப்போது நேரம் என்ன என்பது.

லயத்துக் கடிகாரங்கள் எல்லாம் நின்றிருந்தன. போதாததற்கு எங்கள் தோட்டத்தில் இரண்டு நேரம். ஒன்பது வருடத்துக்கு முன் அரசாங்கம் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியதில் இருந்து வேலைக்குப் புது நேரம், நல்ல காரியத்துக்குப் பழைய நேரம். இடையில் அரை மணி. கோயில் பூசாரி குறித்துக் கொடுத்த சுபவேளை பழைய நேரத்தில், ஜீப் வந்தது புது நேரத்தில். எதைப் போடுவது என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் நடுவுல போடுங்க. யாருக்கும் மனவருத்தம் இல்ல," என்றார் கஜேந்திரன்.

அடுத்து, எந்த இடம் என்று கேட்டது. ஊர்ப்பட்டியல் ஒன்று ஓடியது. தேநீர்த் தட்டோடு பின்னால் நின்ற சின்னம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க கேக்குது?"

"விலாசம் கேக்குது."

"எங்க லயத்துக்கே நம்பர் கெடையாது. இதுக்கு எங்கயிருந்துங்க குடுப்பீங்க?"

"கொழும்புன்னு போடுங்க," என்றார் கஜேந்திரன். "எது கேட்டாலும் கொழும்புன்னு போட்டாதான் வேலை நடக்கும்."

அது உண்மைதான். கருவி ஏற்றுக்கொண்டது. மோட்டார் உறுமியது. குழாய் தானாகத் திரும்பி, கூரை ஓட்டை வழியாக மேலே பார்த்து நின்றது. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை நடுவில் வைத்துப் பொத்தானை அழுத்தவும் என்று எழுத்து வந்தது. இப்படி இரண்டு நட்சத்திரத்தைக் காட்டிக்கொடுத்தால்தான் அதற்குத் திசை பிடிபடும். கண்ணை வைத்துப் பார்த்தேன்.

"மேகந்தான் தெரியுது சேர்."

"மேகத்துக்குப் பின்னால நட்சத்திரம் இருக்கா, இல்லையா?"

"இருக்குங்க."

"அப்ப அழுத்துங்க."

அழுத்தினேன். இரண்டாவது நட்சத்திரத்துக்கும் மேகத்தைத்தான் காட்டியது. அதற்கும் அழுத்தினேன். கருவி வெற்றி என்று அறிவித்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே அது அலுவலக நடைமுறையைக் கற்றுக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம்தான்.

மாலை போட்டிருந்த தலைவர் இருளப்பன் முன்னால் வந்தார். அவருக்கு எந்தக் கிரகம் வேண்டும் என்று கேட்கப்பட்டது. பெரியது எதுவோ அதைப் போடச் சொன்னார். வியாழனைத் தெரிவு செய்தோம். அது தொடுவானத்துக்குக் கீழே இருப்பதாகக் கருவி எச்சரித்தது. கஜேந்திரன் ஓகே அழுத்தினார். குழாய் மெதுவாகத் தலைகுனிந்து, அரைச்சுவருக்கு மேலாகத் திரும்பி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சரிவை நோக்கி நின்றது.

கஜேந்திரன் பார்த்தார். திருகைத் திருகினார். மறுபடி பார்த்தார்.

"பட்டை பட்டையா இருக்கு," என்றார். கையேட்டைப் புரட்டினார். வியாழன் கிரகத்தில் பட்டைகள் காணப்படும் என்று அச்சிட்டிருந்தது. சரி போட்டுக்கொண்டார்.

அடுத்துத் தலைவர் குனிந்தார். நிமிர்ந்தபோது மாலைக்குள் அவருக்கு வேர்த்திருந்தது.

"சரி, சரி. ஜூபிட்டர்தான். நல்லாத் தெரியுது. போதும், மூடிருங்க."

மூடுவதற்குள் சின்னம்மா தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை வைத்துவிட்டாள்.

"இது தலைவரோட கோழிக்கூடுங்க. தலகீழா இருக்கு."

"விஞ்ஞானக் கருவியில எல்லாம் தலைகீழாத்தான் தெரியும்," என்றார் கஜேந்திரன். "அது கிரகம்கிறதுக்கு அதுவே அத்தாட்சி."

"புதுத் தகரம். பதினெட்டு இருக்கு, எண்ணிட்டேன். ஒண்ணுல 'பாடசாலைப் பாவனைக்கு மட்டும்'னு எழுதியிருக்குதுங்க."

"தலைகீழாவா வாசிச்சீங்க?"

"ஆபீஸ் எழுத்த நேரா வாசிச்சு எங்களுக்கு என்னைக்குங்க வெளங்கியிருக்கு? அந்தா, மேல ஒரு சேவலும் நிக்குது."

கஜேந்திரன் அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினார். உயிரினங்கள்: ஒன்று.

அறிக்கையில் பார்வையாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் போட்டார். அதிபர் பென்ஷனுக்கு ஒன்றரை வருடம் இருப்பதை நினைத்துக்கொண்டு போட்டார். பேனா என்னிடம் வந்தது.

"தமிழ் நல்லா எழுதுவீங்களாமே," என்றார் கஜேந்திரன். "அறிக்கைய நீங்களே எழுதுங்க. உங்க நிரந்தர நியமனத்துக்கு நான் சிபாரிசு பண்றேன்."

நிரோஷாவின் வாங்கைப் பார்த்தேன். முந்தைய இரவுத் தூறலில் அது அப்போதே ஈரமாக இருந்தது. பிறகு எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நன்றாக எழுதினேன். "வெண்ணிறப் பட்டைகளோடு பேரழகு பொலிய வீற்றிருந்த வியாழனை அனைவரும் ஐயமின்றிக் கண்டு களித்தோம்." சின்னம்மா தட்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் போனாள்.

ஏப்ரல் மாதம் எனக்கு நியமனக் கடிதம் வந்தது. பதவி, தொலைநோக்கிப் பொறுப்பாசிரியர். அதே உறையில் இன்னொரு கடிதமும் இருந்தது. வியாழன் கண்டறியப்பட்ட இடம் என்பதால் மேற்படி கூரைத் திறப்பு இன்று முதல் அவதானிப்பு வாயில் எனப் பெயர் பெறுகிறது, அதை மூடுவது தண்டனைக்குரியது. அப்படியானால் மழையில் கருவி நனையாதா என்று நான் கேட்டு எழுதினேன். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் லொறி வர மூன்று வருடமாகும். கருவியைப் பற்றிக் கேட்டதால் நாலாம் நாளே லொறி வந்தது. இரண்டு புத்தம்புதுத் தகரம், நாலு கம்பு. வகுப்பறைக்கு உள்ளேயே, ஓட்டைக்குக் கீழே, தொலைநோக்கிக்கு ஒரு கூரை போட்டார்கள். அதற்கு இடம் வேண்டும் என்று நிரோஷாவின் வாங்கை ஒரு முழம் தள்ளிவைத்தார்கள். அந்தக் கூரையின் தண்ணீர் வடிகிற ஓரம் அதுதான். கம்பில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள்: "இதன் கீழ் கருவியும் அதன் உதிரிப்பாகங்களும் மட்டுமே இருக்கலாம்."

மே மாதம் மழை வந்தது. எங்கள் பக்கத்து மழை வந்தால் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகும். இரண்டு நாள் பிள்ளைகள் நனைவதைப் பார்த்தேன். மூன்றாம் நாள் பொருட்பதிவேட்டைத் திறந்தேன். குழாய் ஒன்று, முக்காலி ஒன்று, கைப்பெட்டி ஒன்று என்று இருந்ததற்குக் கீழே எழுதினேன்: "உதிரிப்பாகங்கள், சிறியவை, இருபத்தேழு." பிறகு பிள்ளைகளை அந்தக் கூரைக்குக் கீழே கூப்பிட்டேன். சட்டத்துக்குள் ஒரு பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டதாக நினைப்பு.

இரண்டு தகரத்துக்குக் கீழே தொலைநோக்கியும் இருபத்தாறு பிள்ளைகளும்தான் அடங்கினார்கள். நிரோஷா வளர்ந்த பிள்ளை, சின்னப் பிள்ளைகளுக்கு இடம் விட்டு ஓரத்தில் நின்றாள். ஒரு தோள் எப்போதும் வெளியே. ஒரு வாரத்தில் இருமல் வந்தது. அடுத்த வாரம் அவள் வரவில்லை.

வரவுப் பதிவேட்டில் தினமும் அவள் பெயருக்கு நேரே பூச்சியம் போட்டேன். மாத முடிவில் அது அலுவலகம் போனது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மழை விட்டதும் போய்ப் பார்க்கலாம் என்று நானும் இருந்தேன். மழை விடவில்லை.

ஜூன் மாதம் கஜேந்திரன் பொருட்கணக்கு எடுக்க வந்தார். கூரைக்குக் கீழே நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். அதில் முத்திரை இருந்தது. ஆகவே அவர் எண்ணத் தொடங்கினார்.

"இருபத்தேழுன்னு இருக்கு. இருபத்தாறுதான் நிக்குது."

அந்த வாரமே விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவது பதிவுத் தபாலில் வந்தது. அரசாங்கச் சொத்தான உதிரிப்பாகம் ஒன்று பொறுப்பாசிரியரின் கவனக்குறைவால் காணாமற்போயுள்ளது, ஏழு நாட்களுக்குள் மீட்கத் தவறின் நியமனம் ரத்தாகும்.

கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மழையோடு லயத்துக்கு ஓடினேன். சின்னம்மா தன் ஒற்றை அறைக் காம்பறாவுக்குள் அடுப்படியில் இருந்தாள். நிரோஷா போர்வையைச் சுற்றிக்கொண்டு கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள்.

"புள்ளையக் காணோம்னு வந்தீங்களா சேர், இல்ல சாமானக் காணோம்னு வந்தீங்களா?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தோட்டத்தில் பதிவுத் தபால் வந்தால் லயத்தின் கடைசித் தொங்கல் வீடு வரைக்கும் தெரிந்துவிடும். கையில் இருந்த கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன்.

அவள் அடுப்பில் இருந்த விறகை வெளியே இழுத்து அணைத்தாள். பிறகு மகளின் புத்தகப் பையை எடுத்துக் கொடுத்தாள்.

"புள்ளையா இருந்தப்ப ஒருத்தரும் தேடல. சாமானா இருந்தாத்தான் தேடுவாங்கன்னா, சாமானாவே எழுதி வைங்க. நனைய மட்டும் விட்றாதீங்க."

அன்றைக்கே தொலைநோக்கியைத் தூக்கித் தண்ணீர் வடியும் ஓரத்தில் வைத்தேன். அது நின்ற இடத்தில் நிரோஷாவின் வாங்கைப் போட்டேன். அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதினேன், அலங்காரம் ஒன்றும் இல்லை: "காணாமற்போன உதிரிப்பாகம் கிடைத்துவிட்டது. நனைந்திருக்கிறது, பாவனைக்கு உகந்தது."

பதில் நாலே நாளில் வந்தது. கோப்பு மூடப்பட்டதாம். அரசாங்க உடைமைகளைப் பாதுகாப்பதில் பொறுப்பாசிரியர் காட்டிய அக்கறைக்குப் பாராட்டுப் பத்திரம் ஒன்றும் இணைத்திருந்தார்கள். அதைப் பிரேம் போட்டுப் பாடசாலையில் மாட்ட வேண்டும் என்று அதிபர் சொன்னார். பிரேம் வந்துவிட்டது. நனையாத சுவர் ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.