மூன்று உயிருக்கும் சான்று வேண்டும்

பழைய வீடியோ கேம்களின் கதைகளைப் பாதுகாக்க ஓர் அலுவலகம் திறந்தார்கள். அங்கே பதிவாகாத கேம்கள் மாதக் கடைசியில் அழிக்கப்படும். பாதுகாக்க இதைவிட நல்ல வழி இருப்பதாக யாரும் மனு கொடுக்கவில்லை.

என் மச்சான் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் தனி ஆளாக ஒரு கேம் செய்தவர். மிஞ்சியிருந்த ஒரே பிரதியோடு போனார். துணைக்கு நான்.

கேமின் மொத்தக் கதையும் ஒரே வரி: “தங்கச்சியைக் காணோம். வலப்பக்கம் ஓடு.” அந்தத் தங்கச்சியைப் பிற்பாடு கட்டிக்கொண்டவன் நான்தான். கதாநாயகன் திரையில் வெறும் எட்டுச் சதுரம். அந்த எட்டுச் சதுரத்துக்காக விரல் தேய்ந்த தலைமுறை எங்களுடையது.

கண்காணிப்பாளர் படிவத்தை எடுத்தார்.

“கதாநாயகனுக்கு எத்தனை உயிர்?”

“மூணு சார்.”

“அப்போ மூணு இறப்புச் சான்றிதழ் வேணும்.”

“செத்தாலும் உடனே எழுந்துடுவான் சார்.”

“அப்படின்னா சான்றிதழை ரத்து பண்ண மனு. செத்தவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். சரி, இடப்பக்கம் ஏன் ஓடல?”

“அந்தப் பக்கம் படமே வரையல சார். மெமரி பத்தல.”

“சின்ன வயசுல இடப்பக்கத்துல அவனுக்கு ஏதோ நடந்திருக்கு,” என்றார் பக்கத்து மேசைக் கதை ஆலோசகர். “மனக்காயம் இல்லாத கதாநாயகனை இப்போ யாரும் ஏத்துக்கறதில்ல.”

மச்சான் பிரதியைக் கண்காணிப்பாளர் பக்கம் நகர்த்தினார். “ஒரே ஒரு நிமிஷம் ஆடிப் பாருங்க சார்.”

“அலுவலக நேரத்துல விளையாடறதா?” கண்காணிப்பாளருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “கதையில ஆழம் சேர்க்கச் சம்மதம்னு கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு மாசக் கடைசி, இல்லேன்னா அழிச்சிடுவோம்.”

மச்சான் என்னைப் பார்த்தார்.

“போட்டுடுங்க மச்சான். கேம் பிழைச்சாப் போதும்,” என்றேன்.

போட்டார்.

ஆறு ஆலோசகர்கள் ஆழம் தோண்டினார்கள். இப்போது கேமைப் போட்டால் கதாநாயகன் நாற்பது நிமிஷம் மழையில் நின்று அப்பாவை நினைக்கிறான். அதற்கு இடம் போதாமல், ஓடுகிற பகுதியை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

வெளியீட்டு விழாவில் அரங்கமே விசும்பியது. “அந்தக் காலத்துக் கதை மாதிரி வருமா! சின்ன வயசுல இந்த மழையை எத்தனை தடவை பார்த்திருப்பேன்!” என்று மூக்கைச் சிந்தினார் என் பக்கத்து இருக்கைக்காரர்.

மச்சான் விருதை வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். அந்த மழையை வரைய, தான் மூன்று மாதம் பட்ட பாட்டைக் குரல் தழுதழுக்கச் சொன்னார். முதலில் எழுந்து கைதட்டியவன் நான்.