மெ. வே. செய்த கடிகாரம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், கடிகாரம் நீங்கலாக. அதன் நலம் குறித்து இப்போதைக்கு மௌனம் காக்கும் உரிமை எனக்கு உண்டு.

நிற்க. தங்கள் பாட்டனாரின் மேசைக் கடிகாரத்தைச் செய்தவர் யார் என்று தீர்மானிக்கும் பொறுப்பை இரு தரப்பும் மனமொப்பி என்னிடம் விட்டீர்கள். லேத் பட்டறை வைத்திருந்த பாட்டனார் தம் கையாலேயே செய்தது என்றால், ‘என் கைவேலை பேத்திக்கு’ என்ற அவர் வாக்குப்படி அது என் மனைவிக்கு. கடையில் வாங்கியது என்றால் பேரனாகிய தங்களுக்கு. நடுவர் ஒரு தரப்பின் கையால் அன்றாடம் சோறு உண்பவர் என்பதைத் தாங்களும் ஆட்சேபிக்கவில்லை, நானும் சுட்டிக்காட்டவில்லை.

முகப்பில் பெயர் ஏதும் இல்லாததால் பின்மூடியைத் திறக்க முற்பட்டேன். “ஏங்க, அதுல கைய வச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்” என்று தங்கள் தங்கை முன்னறிவிப்பு கொடுத்துவிட்டதால், அவள் குளிக்கப் போன இடைவெளியில் திறந்தேன். திறந்ததும் ஒரு திருகாணி சோபாவுக்கு அடியில் ஓடியது. அதைத் தேடக் குனிந்ததில் மூக்குக்கண்ணாடி கழன்று அதன் பின்னாலேயே போனது. இரண்டையும் மீட்டு நிமிர்ந்தபோது குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. பித்தளைத் தகட்டில், ஒரு சிறு ஊசிக்கு வலப்புறம், ஆணியால் கீறிய ‘வே’. இடப்புற எழுத்தை அந்த ஊசியே மறைத்திருந்தது. சாட்சியை மறைப்பவரை விலக்குவது என் தொழில். ஊசியை வலக்கோடிவரை தள்ளினேன். ‘மெ’ வெளிப்பட்டது. மெ. வே. — தங்கள் பாட்டனாரின் தலைப்பெழுத்தும் பெயரின் முதலெழுத்தும். மூடியைப் பூட்டியதற்கும் தாழ்ப்பாள் திறந்ததற்கும் மயிரிழைதான் இடைவெளி.

அன்றிலிருந்து கடிகாரம் தலைதெறிக்க ஓடுகிறது. காலைப் பலகாரம் செரிக்குமுன் பன்னிரண்டு அடித்து என்னைக் காட்டிக்கொடுக்கிறது. “தொட்டீங்களா?” என்றாள். “தொட்டதை யாராவது பார்த்தாங்களா?” என்றேன். அதன்பின் அவள் என் தட்டில் இரண்டாம் முறை சோறு போடுவதில்லை. மச்சான், அவ திட்டினா தாங்கிடலாம், இதைத் தாங்க முடியல.

ஆகவே, எவ்வித நிர்ப்பந்தமும் இன்றி அறிவிக்கும் தீர்ப்பு: செய்தவர் பாட்டனாரே. ஞாயிறன்று வண்டியோடு வரும் சிரமம் தங்களுக்கு வேண்டாம்.

தங்கள் துணைவியாருக்கு வணக்கம். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதைத் தபால் நிலையத்தில் நின்றபடி எழுதுகிறேன். வீட்டில் உறையை ஒட்டுமுன் தங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்தாள். ஊசியை எந்தப் பக்கம் தள்ளினேன் என்று கேட்டாள். ‘வே’ பக்கம் என்றேன்.

“அதான் இந்த ஓட்டம் ஓடுது. மெ-ன்னா மெதுவா, வே-ன்னா வேகமா. வாங்கிட்டு வந்த அன்னைக்கே தாத்தா கீறி வச்சது.”

‘வாங்கிட்டு’ என்ற சொல் வாயை விட்டு வந்தபின், அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவளே உறையை ஒட்டினாள். “பேசாம போய்த் தபால்ல போடுங்க” என்றாள். நான் பேசவில்லை; இங்கு வந்து உறையைப் பிரித்து எழுதுகிறேன், அவ்வளவே.

இதில் தீர்ப்பைக் கிழிப்பதா, பின்குறிப்பைக் கிழிப்பதா என்பதைத் தங்களிடமே விடுகிறேன். தீர்ப்பைக் கிழிப்பதாயின், ஞாயிறு வேண்டாம். நான் நீதிமன்றத்தில் இருக்கும் நாளாகப் பார்த்து வண்டியோடு வரவும்.