இடப்பக்கம் திரும்பவும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பதாக நானே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எழுதிச் சொல்லும் பழக்கம் உனக்கு இல்லை. வாயால் சொல்லும் பழக்கம் மட்டும் உண்டு. போன மாதம் என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, உன் அண்ணி, என் மகன், மருமகள், பேத்தி எல்லோரும் கேட்க, "அண்ணே, போதும்ணே. இனிமே ஸ்டீயரிங்க விட்டுட்டு ஜன்னலப் பிடிச்சுக்கிட்டு வேடிக்க பாருங்க" என்று சொன்னாய். சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாய். நீ வாசலைத் தாண்டியதும் என் மகன், "சித்தப்பா சொல்றதுலயும் ஞாயம் இருக்குப்பா. இந்த லீவுக்கு நீங்க எல்லாரும் வெளிய போறீங்கல்ல, அதுல பாப்போம். நல்லபடியா ஓட்டிட்டு வந்தா சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா அவகிட்ட குடுத்துருங்க" என்று தீர்ப்புச் சொன்னான். 'அவ' என்றால் என் மருமகள். கூட வருவதற்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, தீர்ப்புச் சொல்ல மட்டும் நேரம் கிடைத்தது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு, அன்று சொன்னதை அதே கூடத்தில், நாற்காலியில் உட்காராமல் நின்றபடி நீ வாபஸ் வாங்க வேண்டும்.

கோடை என்றால் இங்கே எல்லோரும் பெரிய ஏரிக்குத்தான் போவார்கள். போன வருஷம் நாங்களும் போனோம். ஏரியைப் பார்க்கவில்லை, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முதுகைப் பார்த்தோம். பேத்தி படகுக்காக வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது படகுக்காரர் கயிற்றைக் கட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்தக் குழந்தை இந்த வருஷம் என் பக்கத்தில் வந்து நின்று, "தாத்தா, நமக்கு முன்னாடி யாருமே நிக்காத எடத்துக்குப் போலாமா?" என்று கேட்டாள். போகலாம் என்று சொன்னேன். அது எங்கே என்று தெரியாமல்தான் சொன்னேன், ஆனால் சொன்னேன். மழை வராது என்று சொல்லிவிட்ட ஒரே காரணத்துக்காகக் கையில் இருந்த குடையை விரிக்காமல் வீடுவரை நனைந்து வந்தவன் நான். நீ உன் குடைக்குள் நனையாமல் கூடவே வந்தாய், நினைவிருக்கும்.

மலைக்குப் பின்னால் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது, அங்கே கூட்டமே இல்லை என்று யாரோ எழுதியிருந்ததை மருமகள் செல்போனில் பிடித்தாள். கூட்டமே இல்லை என்று எழுதினால் அதைப் படித்தவர்கள் எல்லோரும் அங்கேதானே இருப்பார்கள் என்று கேட்டேன். சரி, குழந்தைக்காகக் கிளம்பினோம். நான் ஸ்டீயரிங்கில், மருமகள் பக்கத்தில், உன் அண்ணியும் பேத்தியும் பின்னால். ஊர் எல்லையில் சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பெரிய பலகை நிற்கிறது. அதை எழுதியவன் யாரோ தெரியவில்லை, எழுத்தெல்லாம் விளிம்பு கலைந்து, ஈரம் காய்வதற்குள் கைபட்டதுபோலக் கிடக்கிறது. நானும் வாழ்நாளெல்லாம் பலகை எழுதியவன். பள்ளிக்கூடம் என்னை விட்ட இடத்திலிருந்து தூரிகைதான் எனக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்தது. என் ழகரத்தை ஜனங்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள், அதன் வாலைக் கொஞ்சம் மேலே சுழித்துவிடுவது என் கைப்பழக்கம். இப்போது எழுதுகிறவர்களுக்குக் கவனமெல்லாம் ஏணியிலிருந்து எப்போது இறங்கலாம் என்பதில்தான். இதைச் சொன்னபோது மருமகள், "எனக்கு நல்லாத்தானே தெரியுது மாமா" என்றாள். அவளுக்கு எழுத்தை வாசிக்கத் தெரியும், அதன் தரம் தெரியாது.

அதற்குப் பிறகுதான் செல்போனுக்குள் இருக்கும் பெண்மணி வாயைத் திறந்தாள். "இடப்பக்கம் திரும்பவும்" என்றாள். தம்பி, நீயே சொல். வீட்டிலிருந்து நேராக வந்துகொண்டிருக்கிறேன், இடப்பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஒரு தடவையும் போகாதவனைப் பார்த்துத் 'திரும்பவும்' என்றால் என்ன பொருள்? நான் எழுதியிருந்தால் 'இடப்பக்கம் செல்க' என்று யாரும் குறைசொல்ல முடியாதபடி எழுதியிருப்பேன். "மொதல் தடவ எப்பம்மா சொன்னா?" என்று மருமகளைக் கேட்டேன். "இல்ல மாமா, திரும்பச் சொல்லுது" என்றாள். "திரும்பச் சொல்லுதுன்னு எனக்கும்தான் கேக்குது. மொதல்ல என்ன சொல்லுச்சுன்னு கேக்கறேன்." "ஐயோ, திரும்பணும் மாமா." "எதை?" "வண்டிய மாமா." இந்த விளக்கம் முடிவதற்குள் அந்த இடப்பக்கம் எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. 'எதை?' என்று நான் கேட்டது மருமகளுக்குப் பிடிக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். உன் அண்ணி பின்னாலிருந்து, "என் பேச்சத்தான் கேட்டதில்ல, அந்தப் பொண்ணு பேச்சையாவது கேக்கக்கூடாதா. தொண்ட வத்தக் கத்துது" என்றாள். பேத்தி, "அந்த ஆன்ட்டிக்குக் கோவமே வர மாட்டேங்குது பாட்டி" என்றாள். எனக்கு வந்தது. போனைத் துணிப்பைக்குள் போட்டுக் கட்டச் சொன்னேன். பைக்குள்ளிருந்தும் திரும்பவும் திரும்பவும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள், அப்போது அந்தச் சொல் பொருத்தமாகத்தான் இருந்தது.

போகப் போகச் சாலையில் தார் குறைந்து, கல்லாகி, மண்ணாகி, கடைசியில் மணலாகிவிட்டது. கூட்டம் குறைகிறது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? எதிரே ஒரு வண்டி இல்லை, ஒரு கடை இல்லை, குப்பைத்தொட்டிகூட இல்லை. "சரியான வழில போறோம்" என்று நான் சொன்ன அதே நேரத்தில் பின்சக்கரம் மணலில் இறங்கியது. இறங்கிய சக்கரத்தை எப்படித் தள்ள வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், ஆகவே நான் பின்னால் போகவேண்டியிருந்தது. முன்னால் யாராவது சும்மா உட்கார வேண்டுமே என்று மருமகளை உட்காரவைத்தேன். அவள் அதற்கு முன்னால் இறங்கி, டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, ஸ்டீயரிங்கை நேராக்கி, "மாமா, நீங்க தள்ளினா போதும், கத்த வேண்டாம்" என்றாள். நான் தள்ளினேன். வண்டி குழந்தைபோல எழுந்து வந்தது. பார்க்கிறவர்களுக்கு அவள் ஓட்டியதுபோலத் தெரியும். உண்மையில் வண்டியைப் பின்னாலிருந்து ஓட்டியவன் நான்.

அங்கேதான் தம்பி, மரங்களுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஓர் ஓடை. முழங்கால் அளவு தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் கோடுகூடத் தெரிகிறது, இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் யாருமில்லை. டிக்கெட் இல்லை, விசில் ஊதும் ஆள் இல்லை. பேத்தி இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டு ஒரு பாறைமேல் ஏறி விறைப்பாக நின்றாள். "என்னம்மா பண்ற?" என்றால், "வரிசைல நிக்கிறேன் தாத்தா" என்கிறாள். பிறகு அவளே, "அடுத்து யாரு? நான்தான்" என்று சொல்லிக் குதித்தாள். ஏறினாள், "அடுத்து யாரு? திரும்பவும் நான்தான்" என்று மறுபடி குதித்தாள். இலக்கணம் சுத்தமாக இருந்தது. டிக்கியில் கிடந்த பழைய லாரி டியூபுக்குக் காற்றடித்து, கயிறு கட்டி, அவளை உட்காரவைத்து, மேலும் கீழுமாக நான் இழுத்தேன். போன வருஷம் கிடைக்காத படகு, தம்பி. கயிற்றைக் கட்டிவிட்டுப் போக அங்கே ஆள் இல்லை. மருமகள் வண்டியில் வைத்திருந்த முகத்தையெல்லாம் கரையில் விட்டுவிட்டுக் குழந்தையோடு சேர்ந்து குதித்தாள். காலில் ஈரம் பட்டாலே துண்டு கேட்கும் உன் அண்ணி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். "வழி தப்பினாலும் நல்ல வழியாப் பாத்துத்தான் தப்பியிருக்கீங்க" என்றாள். உன் அண்ணி என்னைப் பாராட்டி நீ கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. அந்தப் பெண்மணி சொன்ன இடத்தில் நான் திரும்பியிருந்தால் இதில் ஒன்றாவது நடந்திருக்குமா?

வரும்போது மணலைத் தாண்டும்வரை மருமகள் ஓட்டட்டும் என்று விட்டேன். மணல் முடிந்த இடத்தில் மேற்கு வெயில் நேராகக் கண்ணில் அடித்ததால் அப்படியே வீடுவரை அவளையே ஓட்டச் சொன்னேன். இது ஓட்டியதில் சேராது, திரும்பி வந்ததில்தான் சேரும். மகன் வாசலில் நின்று, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று என்னைக் கேட்காமல் குழந்தையைக் கேட்டான். "யாருமே இல்லப்பா. தாத்தாதான் கண்டுபுடிச்சாங்க" என்றாள். அவன் சாவியைப் பற்றிப் பேசவே இல்லை. அது என் சட்டைப்பையில் இருக்கிறது, அங்கேயே இருக்கும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். படிக்கிறவர்கள் படிக்கட்டும், தூங்குகிறவர்கள் நேரத்தோடு எழுந்திருக்கட்டும். உன் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகட்டும், என் கூடத்தில் நிற்பதற்கு அது உனக்குத் தேவைப்படும்.

சொன்னதில் மாறாத உன் அண்ணன்.

பி.கு.: உறையை ஒட்ட மறந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். தபால் நிலைய வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்திருப்பது ஓட்டுகிற சீட்டில் இல்லை, இன்று ஒரு நாள் மட்டும் என்று சொல்லிச் சாவியை மருமகளிடம் கொடுத்திருந்தேன். இங்கே வரும் வழியில், சாலை பிரியும் அந்த இடத்தில் மருமகள் வண்டியை ஓரங்கட்டி, "கிட்டப் போய்ப் பாருங்க மாமா" என்றாள். போனேன். முகத்தைப் பலகையோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. 'வழி' என்ற சொல்லில் ழகரத்தின் வால் கொஞ்சம் மேலே சுழித்திருந்தது. நாங்கள் கொட்டகையில் வைத்து எழுதிக் கொடுப்போம், எங்கே கொண்டுபோய் நட்டார்கள் என்று பார்த்ததில்லை. எழுதியவன்மேல் ஒரு குறையும் இல்லை. படித்தவனின் கண்ணில்தான் கோளாறு. திரும்பி வந்து மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாவி இனி அவளிடம் இருக்கும். நீ நிற்க வேண்டாம், உட்கார்ந்தே தேநீர் குடிக்கலாம், என் நாற்காலியைத் தவிர வேறு எதில் வேண்டுமானாலும்.

ஆனால் செல்போன் பெண்மணிக்கு வேலை போய்விட்டது. "அது வேணாம், நீங்களே வழி சொல்லுங்க மாமா" என்று மருமகள் போனை அணைத்துவிட்டாள். பிழை இல்லாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். தபால் நிலைய முனை திடீரென்று வந்துவிட்டது, அவசரத்தில் என் வாயிலிருந்து, "இடப்பக்கம் திரும்பணும்மா" என்று வந்துவிட்டது. அவள் வண்டியை மெதுவாக்கினாள். என்னைப் பார்க்காமல், சாலையையே பார்த்துக்கொண்டு, "எதை மாமா?" என்று கேட்டாள்.