பூசணிக்காய்க்கு வந்த ஜப்பான் வியாதிகள்

எனக்கு வயது எழுபத்தாறு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றும் சோடை போகவில்லை. அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், இந்தக் கிள்ளான் ஊர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் அடுக்குமாடியில் என் பக்கத்து வீட்டுப் பூசணிக்காய் அக்காவைப் போல ஒரு தைரியசாலி கிடைக்கமாட்டாள். என்னைவிடச் சின்னவள்தான். எல்லாரும் அக்கா என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

காலையில் கீழே நாசி லெமாக் சோறு விற்பாள். ஒரே மகள், ஒசாகாவில். அந்தப் பெண் முதல் முறை உண்டானபோது வீட்டில் தனியாக மயங்கி விழுந்தாள், பிள்ளை தங்கவில்லை. மறுபடி உண்டானதும், "இந்தத் தடவ நான் பக்கத்துல இருப்பேன்" என்று அக்கா கிளம்ப முடிவு செய்துவிட்டாள். மருமகனுக்கோ ஃபேக்டரியில் ஷிப்ட். அவசரமென்றால் ஆம்புலன்ஸ்காரர்களிடம் யார் பேசுவது? மகள் ஃபோனில் ஜப்பான் சொற்களைப் பேசி அனுப்பினாள். தலை அத்தாமா, வயிறு ஓனாக்கா, வலிக்குது என்றால் இத்தாய்.

சாப்பாடு, பஸ், வணக்கம் எதுவும் வேண்டாம் என்றுவிட்டாள் அக்கா. "பசிச்சா நானே சமைச்சுக்குவேன். வியாதிய மட்டும் சொல்லிக் குடு."

சிக்கல் வேறு இடத்தில். வியாதியைத் தன் உடம்பில் தொட்டுக் காட்டக்கூடாது, நமக்கே வந்துவிடும். தொடாமல் அவளுக்கு மனப்பாடமும் ஆகவில்லை. ஆகவே என் வயிற்றைத் தொட்டாள்.

"ஓனாக்கா இத்தாய்! யாருக்கும் வேண்டாம்."

கெட்ட சொல் வாயில் வந்தால், பின்னாலேயே "யாருக்கும் வேண்டாம்" என்று சொல்லிக் கழுவிவிடுவாள்.

"ஏய், கைய எடு லா! ஏழு பெத்த வயிறு, நல்லாத்தான் இருக்கு!"

"கோவிக்காதீங்க ஆன்டி. தலைய மட்டும் குடுங்க."

"பாசார்ல பூசணிக்கா விக்கிது, அதப் போய்த் தொடு!"

வாங்கியே வந்துவிட்டாள். காம்புப் பக்கம் தலை, நடுவில் வயிறு. லிஃப்டில், கோயில் வரிசையில், நாசி லெமாக் மேசையில், எங்கே பார்த்தாலும் அவள் இடுப்பில் அந்தக் காய். உலகத்தில் எந்தப் பூசணிக்காய்க்கும் அத்தனை வியாதி வந்திருக்காது. புறப்படும் நாள் அதை முச்சந்தியில் போட்டு உடைத்தாள்.

"எல்லா வியாதியும் கிள்ளானோட நிக்கட்டும்!"

"அக்கா, நான் கிள்ளான்லதானே இருக்கேன்!" என்று கத்தினான் ஒரு மோட்டார்காரன்.

ஒசாகாவில் எட்டாம் மாதம். மகள் தலை வலிக்கிறது என்றாள், வயிறு வலிக்கிறது என்றாள், விழுந்துவிட்டாள். மருமகன் வேலையில். மகள் கொடுத்திருந்த நம்பரை அக்கா அமுக்கினாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து எங்கே வலி என்று கேட்டார்கள். அக்கா மகளைத் தொடவில்லை, தன்னையும் தொடவில்லை. சமையலறைக்கு ஓடி, குட்டியாய்ப் பச்சையாய் இருந்த ஜப்பான் பூசணிக்காயைத் தூக்கிவந்தாள்.

காம்பைத் தட்டி, "அத்தாமா இத்தாய்!" நடுவைத் தட்டி, "ஓனாக்கா இத்தாய்! யாருக்கும் வேண்டாம்!"

அவர்கள் காயைப் பார்த்தார்கள், மகளைப் பார்த்தார்கள், தூக்கிக்கொண்டு பறந்தார்கள்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் குழந்தை. அங்கே நர்சும் இப்போது ஊசி போட்டதும் "யாருக்கும் வேண்டாம்" என்கிறாளாம்.

அக்கா இன்னும் அங்கேதான். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. என் வயிற்றைத் தொட ஆளில்லை.

காவியா, இங்கே வா. பாட்டி எழுத்துக் கூட்டி எழுதியதை ஒரு தடவை வாசித்துக் காட்டு. வியாதி வரும் இடத்தில் உன்மேல் கை வைக்காதே. மேசையில் ஒரு பூசணிக்காய் வாங்கி வைத்திருக்கிறேன்.