இருபத்து நான்கு கிளாம்புகளும் ஒரு பலகையும்

உலகத்தில் கிடார் செய்தவர்கள் ஏராளம். அதில் பெரிய பெருமை ஒன்றுமில்லை. மரமும் கையும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். ஆனால் வீட்டிலேயே கிடார் செய்வதற்கான சாமான்களைத் 'தேர்ந்தெடுப்பது' என்ற அரும்பணியில் உச்சத்தைத் தொட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர்.

அலுவலகத்துக்கு ஒரு ஸ்டேப்ளர் வாங்க அவர் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டார். அந்தப் பதினோரு மாதமும் ஒரு தவறான ஸ்டேப்ளர்கூட உள்ளே நுழையவில்லை. சரியான ஸ்டேப்ளரும்தான் நுழையவில்லை என்று சில வயிற்றெரிச்சல்காரர்கள் முணுமுணுத்தபடி காகிதத்தைக் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தார்கள்.

இப்பேர்ப்பட்டவர் முன்னால்தான் அவருடைய ஒரே மகள் வந்து நின்றாள். பள்ளி ஆண்டு விழாவில் கிடார் குழு வாசிக்கப்போகிறது. சொந்தக் கிடார் இருந்தால் அவளுக்கும் அதில் இடம் உண்டு. விழாவுக்கு மூன்று மாதம் இருந்தது. வாரத்தில் ஒரு நாள் டீச்சரின் கிடாரைத் தொடுவதோடு சரி; மற்ற நாளெல்லாம் நீளமான மர ஸ்கேலில் பேனாவால் ஆறு கோடு இழுத்து, அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள் பாவம்.

"கடையில ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாங்க," என்றாள் மனைவி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. எதுவும் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தால் அவளுக்குப் பிடிக்காது.

"கடைக் கிடாரா? என் பொண்ணு கையில ஒட்டுப்பலகையா? நானே செய்றேன்!"

மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நிஜமாவாப்பா?"

கண்காணிப்பாளருக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. அந்த நிமிஷம் அவர் சொன்னதில் பொய் துளியும் கிடையாது.

விஷயம் கேள்விப்பட்டு மனைவியின் அண்ணன் வந்தார். அவர் தச்சர். எந்த மரத்தைக் கண்டாலும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மனிதர்களிடம் பேசுவார். கதவைத் தட்டினார், மேஜையைத் தட்டினார், பிறகு கொண்டுவந்த பலகையைத் தட்டினார். கணீரென்றது.

"பழைய ஜன்னல் கதவு மரம், மாப்ள. பாப்பாவுக்குன்னே எடுத்து வச்சேன். மெல்லிசாப் பிளந்தா கிடாருக்கு மேல் பலகை ஆச்சு. இந்தாங்க ரம்பம், இந்தாங்க இழைப்புளி. உளியும், ஒட்டுன பலகையை இறுக்கிப் பிடிக்க நாலு கிளாம்பும் அடுத்த வாரம் கொண்டாறேன். ஞாயித்துக்கிழமைல உக்காந்தா முடிச்சிடலாம்."

கண்காணிப்பாளர் கருணையோடு புன்னகைத்தார். "மச்சான், இந்த ரம்பத்துக்கு எத்தனை ஸ்டார்?"

"ஸ்டாரா? ரம்பத்துக்குப் பல்லுதான் உண்டு."

"வாங்கினவங்க விமர்சனம்?"

"வாங்கினது நான். நல்லா அறுக்குது."

"ஒரே ஒரு விமர்சனம். அதுவும் உரிமையாளரே சொல்றது. இதை நம்பி எப்படி மச்சான் இறங்குறது?"

தச்சர் தங்கையைப் பார்த்தார். தங்கை கூரையைப் பார்த்தாள். ரம்பமும் இழைப்புளியும் பலகையும் விளையாட்டு அறை மூலைக்குப் போயின. "தேவைப்பட்டாக் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார்.

பணி முறைப்படி தொடங்கியது. வாரந்தோறும் சாப்பாட்டு மேஜையில் கூட்டம். தலைவர் அப்பா, உறுப்பினர் அம்மா, நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது மகள். மகளின் விளையாட்டு அறை 'தொழிற்கூடம்' என்று பெயர் மாறியது.

முதலில் வந்தது தூசி உறிஞ்சும் இயந்திரம். வந்த நாளிலிருந்து அந்த அறையில் மரத்தூள் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது; அதன் திறமைக்கு வேறென்ன சான்று வேண்டும்? அடுத்து மரம் அறுக்கும் மெஷின். அதைவிட நல்லது ஒன்று கண்ணில் பட்டால் திருப்பிக் கொடுக்கலாமே என்று பெட்டியைப் பிரிக்கவில்லை. கிளாம்புகள் எத்தனை இருந்தாலும் போதாது என்று எவரோ ஒரு வீடியோவில் சொல்லிவிட்டதால் அவை மட்டும் இருபத்து நான்கு. பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"பக்கப் பலகையை வளைக்கச் சூட்டுக்குழாய் வேணும்," என்றார் ஆறாவது கூட்டத்தில். "வட்டக் குழாயா, முட்டை வடிவக் குழாயா? உறுப்பினர் கருத்துச் சொல்லலாம்."

"ஏதோ ஒண்ணு. முதல்ல வண்டியை எடுங்க."

"'ஏதோ ஒண்ணு'ங்கறது கருத்து இல்ல, அலட்சியம். குறிச்சுக்கோம்மா."

மகள் குறித்துக்கொண்டாள். "அப்பா, விழாவுக்கு இன்னும் ஆறு வாரந்தான் இருக்கு."

"அது இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லையேம்மா. அடுத்த கூட்டத்துல 'இதர' பகுதியில வச்சுக்கலாம்."

அதையும் குறித்துக்கொண்டாள்.

சாமான்கள் பெருகின. தரையில் கால் வைக்க இடமில்லை. அம்மாவும் மகளும் வெளியே போயிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், தொழிற்கூடத்துச் சுவரில் அழகான ஷெல்ஃப் ஒன்று முளைத்தது. கடையில் வாங்கியதாக்கும் என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

விழா வந்தது. மகள் மேடைக்குப் பின்னால் நின்று, வாசிப்பவர்களுக்குத் தாள் எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது வரிசையில் இருந்த கண்காணிப்பாளர், "அத்தனையும் ஒட்டுப்பலகை," என்று பக்கத்திலிருந்தவரிடம் பரிதாபப்பட்டார். வீட்டுக்கு வந்ததும் மகள் ஸ்கேலில் இருந்த ஆறு கோட்டையும் ஈரத்துணியால் துடைத்தாள். இரண்டு கோடு போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தச்சர் வந்தார். கதவைத் தட்டினார், மேஜையைத் தட்டினார், தொழிற்கூடத்துக்குள் போய் ஷெல்ஃபைத் தட்டினார். கணீரென்றது. இன்னொரு தட்டு. முகம் மாறிப்போனது.

"இது யார் செஞ்சது?"

"நாந்தான் மச்சான்!" கண்காணிப்பாளருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அளவெடுத்து, அறுத்து, இழைச்சு, மூலை சேர்த்து, எல்லாம் மூணே மணி நேரம். எங்கயாவது கோணல் இருக்கா பாருங்க."

தச்சர் குனிந்து பார்த்தார். கோணல் இல்லை. "சுத்தமான வேலை," என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இது நான் பாப்பாவுக்குக் குடுத்த பலகை, மாப்ள."

"அவ்வளவு உசத்தி சாமானைத் தரையில வைக்க முடியுமா மச்சான்?"

"அது சரி, எந்த மெஷின்ல அறுத்தீங்க?" என்று மனைவி குறுக்கே வந்தாள். "எல்லாம் பெட்டிக்குள்ளதானே இருக்கு?"

கண்காணிப்பாளர் மூலையைப் பார்த்தார். எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். தச்சரின் ரம்பத்துப் பற்களில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"அன்னைக்கு ஒரு அவசரம்..."

"தூளெல்லாம்?"

"தொடப்பத்தாலதான்."

மகள் ஷெல்ஃப் பக்கத்தில் வந்தாள். விளிம்போரமாக விரலை ஓட்டினாள். ஒரு சிராய்கூட இல்லை, வழவழவென்று இருந்தது. கடைசிவரை ஓட்டிவிட்டு, அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ உங்களுக்குச் செய்யத் தெரியும்," என்றாள். "குறிப்புல எழுதிக்கட்டுமாப்பா?"