துணைக்கு யாரு?

"தனியாவா?" என்றான் எழிலரசன். பிய்த்த தோசை வாய்க்குப் போகாமல் கையிலேயே நின்றது.

"தனியாத்தான்."

"ஒருத்தியாவா?"

"தனியான்னா ஒருத்திதாங்க. ரெண்டு பேரு போனா அதுக்குப் பேரு தனியா இல்ல," என்றாள் ஷோபனா. அவள் கணக்கு டீச்சர். இந்த மாதிரி விஷயங்களில் அவளுக்குக் குழப்பமே கிடையாது.

அவள் திட்டம் சுலபமானது. காலாண்டுத் தேர்வு விடுமுறை. செஞ்சியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்ப வேண்டியது. முதலில் பருவதமலை, பிறகு ஜவ்வாது மலை, கடைசியில் ஏலகிரி. மூன்றிலும் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து ஏற வேண்டியது. அதற்காகப் புதுச்சேரிக்குப் போன சமயத்தில் ஒரு ஜோடி ஷூகூட வாங்கி, துணிக்கடைப் பையில் சுற்றி ஒளித்து வைத்திருந்தாள்.

"மலைதானே? வாசல்ல வந்து நின்னா மூணு மலை தெரியுது. கோட்டைய ஏறிக்கோயேன்," என்றான் எழிலரசன்.

அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. செஞ்சியில் வாழ்க்கைப்பட்டவர்களுக்குக் கோட்டை என்பது ஒரு வேலை. வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும், காபி டம்ளரைக் கீழே வைத்ததும், "அப்பிடியே கோட்டையப் பாத்துட்டு வந்துடலாமா?" என்பார். கூட்டிக்கொண்டு போவது ஷோபனா. கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறும்போது பெங்களூர்க்காரர்களின் குழந்தை அவள் இடுப்பில், சேலத்துச் சித்தியின் கைப்பை அவள் தோளில், எல்லாருடைய புளிசாதமும் அவள் கையில். பாதி வழியில் ஒரு மாமாவுக்கு மூச்சு வாங்கும், அவரோடு உட்கார வேண்டும். ஓர் அத்தையின் கூலிங்கிளாஸைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போகும், அதற்கும் அவள்தான் சமாதானம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எத்தனை முறை ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது. ஒரு முறைகூடத் தன் நடையில் ஏறியதில்லை.

தன் இஷ்டத்துக்கு நடக்க வேண்டும், தன் இஷ்டத்துக்கு நிற்க வேண்டும், யார் பையையும் தூக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் ஆசை. மகனைக் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்ட வயதில் இது ஒன்றும் பேராசை இல்லை.

"சரி, நானும் வரேன்," என்றான் எழிலரசன். "பைக்ல பின்னாடியே வரேன். வாயத் தொறக்க மாட்டேன்."

அவன் நல்லவன். அதுதான் பிரச்சினை. அரை மணிக்கு ஒரு தடவை "சாப்டியா?" என்று கேட்காவிட்டால் அவனுக்குத் தலை வலிக்கும். பின்னால் வருகிறவன் முதல் டீக்கடையிலேயே முன்னால் வந்துவிடுவான். அந்தப் பயத்தில்தான் ஷோபனாவின் வாயில் அது வந்தது.

"நீங்க வரக் கூடாதுங்க. இது வேண்டுதல். மூணு மலை தனியா ஏறுறதா வேண்டிகிட்டிருக்கேன்."

எழிலரசன் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஆசைக்கு மலை ஏறுவதென்றால் ஊரில் ஆயிரம் கேள்வி. வேண்டுதலென்றால் ஒரே ஒரு கேள்விதான்.

"இன்னா வேண்டுதல்?"

"சொல்லக் கூடாது."

அடுத்த தோசை வேகும்வரை ஷோபனா சந்தோஷமாக இருந்தாள்.

சாயங்காலம் எழிலரசன் தன் செல்போன் கடையை முன்னதாகவே சாத்திவிட்டு வந்தான். கண்ணாடி முன் நின்று கண்ணின் கீழ் இமையை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"ஷோபனா, எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன். எனக்கு இன்னா வியாதி?"

"உங்களுக்கா? ஒண்ணுமில்லியே."

"போன மாசம் ரத்த டெஸ்ட் எடுத்தேன். ரிப்போர்ட்ட நீதான் போயி வாங்கியாந்தே. நார்மல்னு சொன்னே. இப்ப மலைக்குப் போறேங்கிறே. அதுவும் மூணு மலை! ஒரு மலையில தீராத வியாதியா?"

இந்தச் சந்தேகத்தை அவன் பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணுவிடமும் சொல்லியிருந்தான். துரைக்கண்ணு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு சேதி ஏறினால், அது தெருவின் எல்லா ஸ்டாப்பிலும் நின்றுதான் போகும். மறுநாள் காலை வீட்டில் ஆப்பிளும் சாத்துக்குடியும் சேர ஆரம்பித்தன. ஹார்லிக்ஸ் மட்டும் இரண்டு பாட்டில் வந்தது.

"நல்ல மனுசனுக்குத்தான் டீச்சர் இப்பிடி வருது," என்றார் துரைக்கண்ணு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எழிலரசன் அதற்குள் கட்டிலில் படுத்திருந்தான்.

வீட்டில் அசையாமல் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். மாமியார் தைலம்மாள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை, அவள் பாஷையில் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தாள். வேண்டுதல் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவள் எதுவும் விசாரிக்கவில்லை. விதிகளை மட்டும் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

"வழியில சொந்தக்காரங்க வூட்ல தங்கக் கூடாது."

"திருவண்ணாமலைல மாமா வூடு இருக்குதேம்மா," என்றான் எழிலரசன் கட்டிலிலிருந்து.

"அதான் கூடாதுங்கறேன். போன் பேசக் கூடாது. செருப்பு போடக் கூடாது."

"ஷூ, அத்த?" என்று மெதுவாகக் கேட்டாள் ஷோபனா.

"அதப் பத்தி எனக்குத் தெரியாது. அந்தக் காலத்துல ஷூ கெடையாது," என்று சொல்லிவிட்டுத் தைலம்மாள் அடுத்த மல்லாட்டையை உடைத்தாள்.

இந்த விதிகளை எந்தச் சாமி எந்தக் காலத்தில் சொல்லிற்று என்று கேட்கும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. ஷோபனாவுக்கு எரிச்சலாக வந்தது. விளையாட்டாகச் சொன்ன பொய்க்கு இந்தம்மா சட்டம் போடுகிறாளே!

முதலில் கட்டிலில் இருப்பவனை எழுப்ப வேண்டும். "வேண்டுதல் உங்களுக்காக இல்லீங்க," என்றாள். "கவிதா அண்ணிக்காக."

கவிதா எழிலரசனின் அக்கா. அவலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தது. தூரத்தில் இருக்கிறவள் பெயரைச் சொன்னால் ஆபத்தில்லை என்பது ஷோபனாவின் கணக்கு. எழிலரசன் துள்ளி எழுந்தான், ஒரு சாத்துக்குடியை உரித்துச் சாப்பிட்டான், அக்காவுக்கு ஒரு போன் போட்டான்.

மத்தியான பஸ்ஸில் கவிதா வந்து இறங்கினாள். கையில் இரண்டு பை.

"எம்மேல இவ்ளோ பாசத்த வெச்சுகினு வெளியில காட்டாம இருந்துருக்கியே!" என்று ஷோபனாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எனக்கு முட்டி வலின்னு உங்கிட்ட நான் சொன்னதுகூட இல்ல. நீயா தெரிஞ்சுகினு வேண்டிகிட்டே பாரு. நானும் வரேன்."

"முட்டி வலியோட மலையா அண்ணி? அதோட, தனியாப் போறதுதான் வேண்டுதல்."

"நான் இன்னா அந்நியமா? நான் கூட வந்தாலும் நீ தனிதான்."

இந்தத் தர்க்கத்துக்குக் கணக்கில் பதில் இல்லை. ஷோபனா தோற்றுப்போய் வேறு வழியில் இறங்கினாள். "ஸ்கூட்டர்ல ரெண்டு பேரு போனா மலைப்பாதைல வண்டி இழுக்காது அண்ணி."

"அதுக்கு இன்னா டீச்சர்!" என்று காம்பவுண்டு சுவருக்கு மேலே துரைக்கண்ணுவின் தலை முளைத்தது. "வேன் இருக்குதே!"

அன்று பொழுது சாய்வதற்குள் வேன் நிறைந்துவிட்டது. எதிர்வீட்டில் பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும். கோடிவீட்டில் போட்ட போர்வெல்லில் தண்ணீர் வர வேண்டும். பின்வீட்டு மீனம்பாளுக்கு வேண்டுதல் எதுவும் இல்லை, ஏலகிரியில் போட்டிங் இருக்கிறதாமே என்றாள். துரைக்கண்ணு வாசலில் நின்று பழைய உற்சாகத்தோடு சீட்டுப் பிரித்தார்.

"டீச்சருக்கு ஜன்னல் சீட்டு. வேண்டுதல்காரங்க ஆச்சே! அப்புறம் டீச்சர், எல்லாருக்கும் புளிசாதம் நீங்களே கிண்டிடுங்க. உங்க கை பக்குவம் யாருக்கும் வராது."

"என் முட்டிக்குத் தைலம், வெந்நீர் பிளாஸ்க்கு, எல்லாத்தயும் ஒரே பையில வெச்சுட்டேன். நீ தூக்கிக்கோ ஷோபனா," என்றாள் கவிதா.

ஷோபனா சமையலறைக்குப் போய்ப் புளியை ஊற வைத்தாள். ஊறுகிற புளியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வந்தது. மூன்று மலையிலும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு, "இன்னும் எவ்ளோ தூரம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஏறப்போகிறாள். மனது விட்டுப்போயிற்று. போதும், உண்மையைச் சொல்லிவிடலாம். தனியாக இருக்க ஆசைப்பட்டேன், அது தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இ..."

"வாய மூடு!"

தைலம்மாள் எழுந்து நின்றிருந்தாள். மடியிலிருந்த மல்லாட்டைத் தோல் வாசலெல்லாம் சிதறியது.

"பொழுது சாஞ்சா மௌனம்னு சொன்னேனா இல்லியா?"

அவள் சொல்லவே இல்லை. ஆனால் ஷோபனாவுக்கு மறுக்க நேரம் கிடைக்கவில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றாள் தைலம்மாள். "இது மௌன விரதம். மூணு மலையும் எறங்கி இந்த வாசப்படிய மிதிக்கிற வரைக்கும் இவ பேசக் கூடாது."

"பேசிட்டா?" என்றார் துரைக்கண்ணு.

"அவளுக்கு ஒண்ணுமில்ல. அவ பேச்சு யாரு காதுல வுழுதோ அவங்க மொட்டை அடிச்சுக்கணும். ஆம்பளையோ பொம்பளையோ, அந்த மலையடிவாரத்துலயே."

கவிதா பின்னலை எடுத்து முன்னால் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டாள். துரைக்கண்ணு இடது காதோரம் வளர்த்து வலது காதுவரை சீவி வைத்திருந்த முடியைத் தொட்டுப் பார்த்தார். எழிலரசன் மட்டும் ஒன்றும் யோசிக்கவில்லை. அம்மா "மொட்டை" என்று சொன்ன மாத்திரத்தில் வீட்டுக்குள் போய்விட்டான்.

"அத்த..." என்று சொல்ல வாயைத் திறந்தாள் ஷோபனா.

வாசல் காலியாகிவிட்டது.

வேன் பிடித்தாயிற்று, வீணாக்க முடியாது. அதனால் அது மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போவதென்று சுவருக்கு அந்தப் பக்கத்தில் முடிவாயிற்று. புளிசாதம் கவிதாவின் பொறுப்பு. தெருக்காரர்கள் மலையில் சேர்க்கச் சொல்லி உப்பு மிளகுப் பொட்டலங்களையும் சூடத்தையும் ஒரு சின்ன மரத்தொட்டிலையும் ஷோபனாவின் பக்கம் வராமலே சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். தைலம்மாள் அதையெல்லாம் வாரி வேனுக்கே அனுப்பிவிட்டாள்.

"வேண்டுதல்காரி எதயும் சொமக்கக் கூடாது," என்றாள். அதுவும் ஒரு விதி.

விடிந்ததும் ஷோபனா கிளம்பினாள். எழிலரசன் ஜன்னலுக்கு உள்ளே நின்று, சாப்டியா என்று கையால் கேட்டான். தைலம்மாள் வாசல்வரை வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நேராப் போ. திரும்பிப் பாக்காத. அதுவும் விரதம்தான்."

கீழ்பென்னாத்தூர் பெட்ரோல் பங்கில் ஒரு சோதனை வந்தது. அவளிடம் படிக்கும் பையனின் அப்பா வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஓடி வந்து, "டீச்சர், கணக்குல பையன் எப்பிடி?" என்றார். ஷோபனா அவர் தலையைப் பார்த்தாள். நல்ல அடர்த்தியான முடி. இரக்கப்பட்டு, உதட்டின் மேல் விரலை வைத்துத் தலையசைத்தாள்.

"சொல்லவே வாய் வரலியா டீச்சர்?" என்றார் அவர், குரல் உடைந்து.

அதன்பிறகு யாரும் குறுக்கே வரவில்லை. திருவண்ணாமலையைத் தாண்டிப் போளூர் சாலையில் ஓர் ஏரிக்கரையைக் கண்டதும் வண்டியை நிறுத்தினாள். கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. பார்த்தாள். இன்னும் பார்க்க வேண்டும்போல் இருந்தது, பார்த்தாள். போகலாமா என்று கேட்க யாரும் இல்லை. கைகள் இரண்டும் காலியாக இருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது, யாரும் இல்லாததால் சத்தமாகவே சிரித்தாள்.

பருவதமலை அடிவாரத்தில் ஒரு கீற்றுக்கொட்டகைக் கடை முன் வண்டியை நிறுத்தி, பெஞ்சில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டாள். மலை நிமிர்ந்து நின்றது. இனி இது முழுக்க அவளுடையது. கடைக்காரி நாகம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஷோபனா பழக்கத்தில் உதட்டின் மேல் விரலை வைத்து, இட்லித் தட்டைக் காட்டினாள்.

நாகம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மௌன விரதமா? எந்த ஊரு, செஞ்சியா?"

ஷோபனா தலையாட்டினாள்.

"பேசினா, கேட்டவங்க மொட்டை அடிச்சுக்கணுமா?"

இது இவளுக்கு எப்படித் தெரியும்? ஷோபனா மெதுவாகத் தலையாட்டினாள்.

நாகம்மாள் இட்லிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அட, தைலம்மாக்கா மருமவளா நீ! பேசும்மா, தாராளமாப் பேசு. அந்த விரதத்தக் கட்டிவுட்டதே உன் மாமியாதான், வருசா வருசம் இப்பிடித்தான் ஒண்டியா வந்து மலை ஏறிட்டுப் போவும், ஒரு தபா நானும் வரேன்னு அழுதுகினே பஸ்ல தொத்திகினு வந்த சொந்தப் புள்ளையவே இந்த பெஞ்சுல உக்கார வெச்சு மொட்டை அடிச்சு, எங்கிட்ட வுட்டுட்டுத்தான் மேல ஏறுச்சு!"